வேலையிடத்தில் உடை விதியும் நம்பிக்கையின் அடையாளங்களும்: சென்னை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கறுப்பு வேட்டிகளும் துளசி மாலைகளும் கண்ணில் படத் தொடங்கும். அதே வாரத்தில் பணியாளர் துறையின் மேசைக்கு உடை பற்றிய முதல் புகாரும் வந்து சேரும். அந்த மேசையில் 22 ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன், முதல் பாதி அம்பத்தூரிலும் பின் பாதி பழைய மகாபலிபுரம் சாலையிலும். தொழிலாளர்களும் சிறு முதலாளிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வேலை போகும் நிலை வந்துவிட்டால் இதை மட்டும் நம்பியிராமல், தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

நிறுவனம் தன் ஊழியர்கள் இன்னதைத்தான் உடுத்த வேண்டும் என்று விதி வைக்கலாமா?

வைக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ, நியமனக் கடிதத்துடன் தரப்படும் கையேட்டிலோ, பெரிய ஆலைகளாக இருந்தால் தொழிலாளர் துறை சான்றளித்த நிலையாணைகளிலோ (வேலை நிபந்தனைகளின் எழுத்துத் தொகுப்பு) அந்த விதி இடம்பெறும். ஆனால் விதி வைக்கும் உரிமை இருக்கிறது என்பதாலேயே எல்லா விதியும் நிலைத்துவிடாது. விதி முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும், செய்யும் வேலையோடு அதற்கு ஒரு தொடர்பு இருக்க வேண்டும். தகராறு விசாரணைக்குப் போகும்போது எடுத்த எடுப்பில் வரும் கேள்வி, இந்த விதி எதற்காக என்பதுதான். இயந்திரத்தில் சிக்காமல் இருக்க, உணவில் முடி விழாமல் இருக்க, வாடிக்கையாளர் ஊழியரை அடையாளம் காண என்று பதில் சொல்ல முடிந்த விதி நிற்கும். ‘கண்ணியம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் விதியால் நெடுநேரம் நிற்க முடியாது. யாருடைய கண்ணியம், யார் பார்வையில் என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

அரசியலமைப்பு எனக்கு மதச் சுதந்திரம் தந்திருக்கிறதே, அது கம்பெனிக்குள் செல்லாதா?

இதற்கு நேரான பதில் பலருக்கு ஏமாற்றம் தரும். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும், ஒரு மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும், கடைப்பிடிக்கும், பரப்பும் உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது கட்டுப்பட்டது. சீக்கியர்கள் கிர்பான் அணிவதும் ஏந்திச் செல்வதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உடை மூலம் ஒருவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்வது 19ஆவது பிரிவின் கருத்துரிமைக்குள்ளும் வரும். ஆனால் இந்த அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியவை. அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், அரசுடைமை வங்கி ஆகியவற்றில் வேலை பார்ப்பவர் 226ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். சிறுசேரியில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்தக் கதவு சாதாரணமாகத் திறப்பதில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கௌஷல் கிஷோர் வழக்கில், 19ஆவது பிரிவின் உரிமைகளையும், உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான 21ஆவது பிரிவின் உரிமைகளையும் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. மதச் சுதந்திரத்துக்கான 25ஆவது பிரிவைப் பற்றி அந்தத் தீர்ப்பு முடிவு சொல்லவில்லை.

தனியார் வேலையில் மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதை நேரடியாகத் தடுக்கும் ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. இது பெரிய ஓட்டை. இத்தனை மதங்களும் இத்தனை வழக்கங்களும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் நகரத்தில், ஊழியரின் நம்பிக்கை மேலாளரின் நல்ல மனதை நம்பியிருப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் தனியார் ஊழியருக்குப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் சுற்றுவழியில் இருக்கிறது. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தில் 41ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது அது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி அனுப்புவதானால் முறையான விசாரணை நடத்தி ஆதாரம் பதிவு செய்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். ஆக, “நெற்றியில் திருநீறு பூசினார், அதனால் அனுப்பினோம்” என்பது நியாயமான காரணமா என்ற கேள்வியை அங்கே எழுப்ப முடியும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைத் தொழிலாளருக்கு நிலையாணைகள் இருக்கின்றன. 1946ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அவை கட்டாயமாக இருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. நடுத்தர ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இதனால் இழந்தது கொஞ்சமல்ல.

மாலை போட்டிருக்கிறேன். விரதம் முடியும்வரை செருப்பில்லாமல், தாடியுடன் வேலைக்கு வரலாமா?

அலுவலக வேலையானால் பெரும்பாலான இடங்களில் கேட்டால் கிடைத்துவிடும். ஆலையில்தான் சிக்கல், அதிலும் செருப்பில். அம்பத்தூரில் நான் இருந்த ஆலையின் பிரஸ் ஷாப்பில் ஒருவர் முதல்முறையாக மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் வந்து நின்றார். தரையெங்கும் வெட்டுத் தகடுகளின் விளிம்புகள் கத்திபோலக் கிடக்கும். வார்ப்பு ஒன்று கைநழுவினால் கால்விரல் எலும்பு நொறுங்கும். சூப்பர்வைசர் அவரை உள்ளே விடவில்லை. அவரும் கோபத்தோடு வெளிவாசலில் உட்கார்ந்துவிட்டார். மதிய ஷிப்டில் வந்த மூத்த தொழிலாளி, 18 முறை மலைக்குப் போய்வந்த குருசாமி, அவர் அருகில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “சாமி, காலைக் கொடுத்துட்டு மலை ஏற முடியாது. உள்ளே இருக்கிற எட்டு மணி நேரம் ஷூ போடுங்க. வெளியே வந்ததும் கழற்றிட்டுச் சரணம் சொல்லுங்க.” தோல் செருப்பு கூடாது என்பதுதான் அவருடைய மனக்கலக்கத்தின் வேர் என்று அப்போதுதான் தெரிந்தது. தோல் சேராத பாதுகாப்பு ஷூ சந்தையில் கிடைக்கிறது. ஸ்டோர்ஸில் சொல்லி இரண்டு நாளில் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த ஆண்டிலிருந்து ஐப்பசி மாதக் கடைசியிலேயே அப்படிப்பட்ட ஷூக்களுக்குத் தேவைப்பட்டியல் போட்டுவிடுவது எங்கள் வழக்கமானது.

கழுத்து மாலையும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்தின் அருகே குறிப்பிட்ட வேலைகளைச் செய்பவர் உடலை ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று 22ஆவது பிரிவில் சொன்னது. லேத் இயந்திரத்தில் பொருளைப் பிடித்திருக்கும் சக் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிறது. தொங்கும் மாலையோ, மணிக்கட்டுக் கயிறோ, தாலிச் சரடோ அதில் மாட்டினால் நிறுத்தும் பொத்தானைத் தேட நேரம் இருக்காது. மாலையைச் சட்டைக்குள் விட்டு, கழுத்துப் பொத்தான்வரை போட்டு, மேலே ஓவர்கோட் அணிவது எங்கள் ஆலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆடியில் சிவப்பு உடுத்தும் மேல்மருவத்தூர் பக்தர்களுக்கும், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம், தொங்குவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தாடி வைத்திருப்பதற்காக நடவடிக்கை எடுக்க முடியுமா?

சீருடைப் படைகளில் தனி விதிகள் உண்டு. விமானப்படை வீரர் ஒருவர் தாடி வைக்க அனுமதி கேட்ட வழக்கில், மதம் முடி வெட்டுவதையோ முகச்சவரத்தையோ தடைசெய்திருந்தால் மட்டுமே விலக்கு என்ற விதியை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அவருடைய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நம் மாநிலத்தில் கதை வேறு. மக்காவுக்குச் சென்று திரும்பிய காவலர் ஒருவர் தாடியுடன் இருந்ததற்காக ஊதிய உயர்வை நிறுத்திய தண்டனையை, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. இஸ்லாமியக் காவலர்கள் பணியிலும் தாடி வைத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் காவல் அரசிதழ் ஏற்கெனவே இடம் தந்திருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இதை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு வேண்டிய அனுமதி பல நேரம் பழைய சுற்றறிக்கை ஒன்றில் தூங்கிக்கொண்டிருக்கும்; மேலதிகாரிக்கே அது தெரிந்திருக்காது. முதலில் விதிப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள்.

மணலியிலோ எண்ணூரிலோ ரசாயன ஆலையில் வேலை என்றால் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நச்சுவாயுவைத் தடுக்கும் முகக்கவசம் முகத்தோடு இறுக ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. அங்கே தாடிக்குத் தடை என்பது உயிர் சம்பந்தப்பட்டது. தாடியை எடுக்க முடியாதவர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம், அல்லது தலையை முழுவதும் மூடிக் காற்றைச் செலுத்தும் கவசம் கேட்கலாம்.

ஹிஜாப் அணிந்து வேலைக்கு வரக் கூடாது என்கிறார்கள். இது பற்றித் தீர்ப்பு இருக்கிறதாமே?

கேள்விப்பட்ட தீர்ப்பு பள்ளி, கல்லூரிச் சீருடை பற்றியது, வேலையிடம் பற்றியது அல்ல. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று வகுப்பறைத் தடையை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பு எழுதியதால், விஷயம் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. அதைக் காட்டி உங்கள் மேலாளர் எதையும் தடை செய்ய முடியாது.

ஒரு பழக்கம் ‘மதத்தின் இன்றியமையாத பகுதியா’ என்று நீதிமன்றம் ஆராய்வது நம் ஊர் வழக்கு ஒன்றிலிருந்தே வளர்ந்தது: மெட்ராஸ் இந்து சமய அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் இடையே நடந்து, 1954இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. ஆனால் அந்த அளவுகோலை ஒரு கடை மேலாளர் கையில் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். தலையை மூடுவது வேலைக்கு இடைஞ்சலா என்பதை மட்டும் அவர் பார்த்தால் போதும். மருத்துவமனைகளில் இதற்கு எளிய வழி இருக்கிறது. அறுவை அரங்கில் எல்லோரும் தலையை மூடித்தான் ஆக வேண்டும். தினமும் துவைத்துக் கிருமிநீக்கம் செய்யக்கூடிய துணியில், கழுத்துவரை மூடும் அரங்கத் தொப்பியை அங்கேயே தந்துவிடலாம். ஜவுளிக் கடைகளில் சீருடைச் சேலையின் நிறத்திலேயே ஒன்றரை மீட்டர் துணி கூடுதலாக வெட்டிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

பூவும் பொட்டும் வைத்து வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

அணியக் கூடாது என்ற தடைகள் செய்தியாகின்றன. அணிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. தியாகராய நகர்ப் பகுதியின் ஒரு கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்த இளம்பெண், எங்கள் வீட்டு மாடியில் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தாள். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த குடும்பம். நகையும் பொட்டும் பூவும் அவர்கள் வழக்கத்தில் இல்லை. காலையில் வருகைப் பதிவேட்டுக்கு அருகே ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று வைத்திருப்பார்களாம். தளப் பொறுப்பாளர் நெற்றியைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்ப்பாராம். அவளும் ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வாள். இரவு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அதைப் பிய்த்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். அவள் காலி செய்துகொண்டு போன பிறகு பார்த்தேன், கண்ணாடியின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக மெரூன் பொட்டுகள். எண்ணவில்லை. எண்ண மனம் வரவில்லை.

அதே கட்டாயம் வேறு சிலரையும் வதைக்கிறது. கணவனை இழந்து சில வாரங்களே ஆன பெண்ணைப் பூ வைத்துக்கொண்டு வா என்பதும், கணவனை இழந்தும் தன் விருப்பப்படி பொட்டு வைத்து வரும் பெண்ணைப் பார்த்து சக ஊழியர்கள் பேசுவதும் ஒரே கொடுமையின் இரு பக்கங்கள். நம் மண்ணில் உடையின் மீது அதிகாரம் செலுத்துவது புதிதல்ல: மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல்தான் அரசாணை வந்தது.

சட்டத்தில் இதற்கு நேரான ஒப்புமை பிஜோ இம்மானுவேல் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று கேரளப் பிள்ளைகள், தேசியகீதம் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அதற்காக 1985இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் மனச்சான்றுப்படி விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குத் தெரியாது. அது அரசு தொடர்பான வழக்குதான்; ஆனாலும் கடையின் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்கும்போது இதைக் குறிப்பிடுங்கள். சீருடைச் சேலை கட்டுகிறேன், தலைவாரி ஒழுங்காக வருகிறேன், பொட்டு என் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று மூன்றே வரி போதும்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் சந்தனம் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. சுண்டலும் பொரியும் எல்லோருக்கும் பொது; நெற்றி அவரவருடையது. வேண்டாம் என்பவரைத் தட்டை நீட்டுபவர் வற்புறுத்தாமல் நகர்ந்துவிடுவது நல்ல பழக்கம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கறுப்புச் சட்டை அணிந்து வருவதற்கு மதக்காரர்களுக்குள்ள அதே உரிமை எனக்கும் உண்டா?

25ஆவது பிரிவு மதத்துக்கு முன்பே மனச்சான்றைச் சொல்கிறது. நம்பாதவரின் மனச்சான்றும் மனச்சான்றுதான். பெரியாரின் தொண்டர்கள் 1940களிலிருந்தே கறுப்புச் சட்டையைத் தங்கள் அடையாளமாகக் கொண்ட நகரத்தில் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. மாலை போட்டவருக்குக் கறுப்பு வேட்டியை அனுமதிக்கும் நிறுவனம், பகுத்தறிவாளருக்குக் கறுப்புச் சட்டையை மறுத்தால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தவில்லை என்று சொல்லிக் கேட்கலாம்.

கட்சிச் சின்னம், சாதிக் கயிறு?

இவை இரண்டையும் மத அடையாளத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, தேர்தல் சின்னத்தை உடம்பிலோ வாகனத்திலோ வீட்டிலோ காட்டுவதே தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகும் என்கின்றன. தனியார் நிறுவனம் கட்சிச் சின்னங்களைத் தடை செய்தால், எல்லாக் கட்சிக்கும் ஒன்றுபோலத் தடை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாதியைக் காட்டும் நிறக் கயிறு நம்பிக்கையின் வெளிப்பாடு அல்ல. பக்கத்தில் நிற்பவருக்கு விடுக்கும் எச்சரிக்கை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் நிறக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்தப் பையன்கள் வளர்ந்து ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் பயிற்சித் தொழிலாளர்களாக வரும்போது கயிறும் கூடவே வருகிறது. கோயில் கயிற்றை அனுமதித்துக்கொண்டே சாதிக் கயிற்றைத் தடுப்பது கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்; இயந்திரப் பாதுகாப்பைக் காட்டி மணிக்கட்டில் எந்தக் கயிறும் கூடாது என்று விதி எழுதுவதே தெளிவான வழி.

நான் அரசு ஊழியர். வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் போகலாமா?

தலைமைச் செயலக ஊழியர்களுக்காக 2019இல் வந்த அரசாணை, ஆண்களுக்கு முறையான கால்சட்டை, சட்டையோடு தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையும், பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றையும் குறிப்பிட்டு, சாதாரணப் பொழுதுபோக்கு உடைகளைத் தவிர்க்கச் சொன்னது. எனவே தலைமைச் செயலகத்தில் வேலை என்றால் தாராளமாகப் போகலாம்.

வேட்டி பற்றிய இன்னொரு சட்டத்தை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2014 ஜூலையில் சென்னையின் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டியிருந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதிக்கே நுழைவு மறுக்கப்பட்டது. அதே ஆண்டு சட்டமன்றம், வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுப்பதற்கு ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அது விருந்தினராக உள்ளே போகிறவரைக் காக்கும் சட்டம். அதே கிளப்பில் பரிமாறுகிறவரின் சீருடையைப் பற்றி அது பேசவில்லை.

திருநங்கையான எனக்கு, அடையாள அட்டையில் பழைய பெயர் இருக்கும்வரை ஆண் சீருடைதான் என்கிறார்கள்.

இங்கே சட்டம் தனியார் நிறுவனத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. உடை, பேச்சு, நடத்தை மூலம் பாலின அடையாளத்தை வெளிப்படுத்துவது 19ஆவது பிரிவின் பாதுகாப்புக்குள் வரும் என்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான எதிலும் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 9ஆவது பிரிவிலும், புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 11ஆவது பிரிவிலும் சொல்கிறது. அந்த அலுவலர் யார் என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

எங்களுடையது வெளிநாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளை. அந்த நாட்டுத் தீர்ப்புகள் உதவுமா?

இங்கே சட்டமாகப் பொருந்தாது. பேச்சுவார்த்தையில் உதவும், ஏனென்றால் அவர்களுடைய உலகளாவிய கையேடு அந்தத் தீர்ப்புகளைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் சிறு சிலுவையை வெளியே தெரிய அணிவதைத் தடுத்தது மிகை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், நோயாளிகளைத் தூக்கிப் பராமரிக்கும் செவிலியர் கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிவதை மருத்துவமனை தடுத்தது சரி என்றது. அணிந்தது ஒரே சிலுவைதான், வேலைதான் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல், தலைத்துணி அணிந்து நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண்ணுக்கு வேலை மறுத்த அபர்கிராம்பி என்ற ஆடைக்கடை நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

விதியை மீறியதாகச் சம்பளத்தில் அபராதம் பிடிக்கிறார்கள்.

பிடிப்பதற்கு வரம்பு உண்டு. எந்தச் செயலுக்கு அபராதம் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த வரம்பு, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 15,000 ரூபாய் ஊதியத்துக்கு 450 ரூபாய்க்கு மேல் பிடித்தால் கேளுங்கள்.

விலக்கு வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது? மறுத்தால் எங்கே போவது?

வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலானாலும் போதும். என்ன அணிய விரும்புகிறீர்கள், எவ்வளவு நாளைக்கு, வேலைக்கும் பாதுகாப்புக்கும் இடைஞ்சல் வராமல் அதை எப்படி அணிவீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பதில் வரும்வரை விதியை மீறாதீர்கள், ஏனென்றால் மீறிவிட்டால் பேச்சு உங்கள் நம்பிக்கையைவிட்டு ஒழுங்கீனத்துக்குத் திரும்பிவிடும். மெமோ கொடுத்தால் குறித்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். உடையைச் சாக்கிட்டு மேலாளர் ஆபாசமாகப் பேசினால் அது வேறு வகைக் குற்றம்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும், வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

நடவடிக்கை எடுத்துவிட்டால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையின் அலுவலகம் இருக்கிறது; சமரசப் பேச்சும், 41ஆவது பிரிவின் மேல்முறையீடும் அந்தத் துறையின் அலுவலர்கள் வழியாகவே நடக்கும். சிறுபான்மை மதத்தவர் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம்.

முப்பது பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறை என்னுடையது. யார் மனமும் நோகாத விதியை எப்படி எழுதுவது?

மதத்தின் பெயரையோ அடையாளத்தின் பெயரையோ விதியில் எழுதவே எழுதாதீர்கள். எது ஆபத்து என்பதை எழுதுங்கள். எங்கள் ஆலையில் பல திருத்தங்களுக்குப் பின் நிலைத்த வாசகம் இதுதான்: “சுழலும் இயந்திரங்களின் அருகே வேலை செய்வோர் கழுத்திலும் மணிக்கட்டிலும் தொங்கும் எதையும் வெளியே தெரியும்படி அணியக் கூடாது, அணிந்திருப்பதைக் கழற்ற இயலாதவர் பொத்தானிட்ட மேலுடைக்குள் வைத்துக்கொள்ளலாம். முடியையும் தலைத்துணியையும் தொப்பிக்குள் அடக்க வேண்டும். பாதுகாப்பு ஷூ எல்லோருக்கும் கட்டாயம். தோல் சேராத ஷூ வேண்டுவோர் 15 நாள் முன்னதாக ஸ்டோர்ஸில் பெயர் கொடுக்கவும்.” இதைத் தமிழிலும், உங்களிடம் வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதி, நேரப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.